படக்கதை நூல்களும் விளையாட்டுச் சாமான்களும்: சிறு கடை தொடங்குமுன்

சிறு தொழில் தொடங்க எண்ணும் கிராமப்புற இளைஞர்களை வினவினால், மளிகைக் கடை, தையற் கடை, கைப்பேசி பழுது பார்க்கும் கடை என்னும் மூன்று விடைகளே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. அண்மையில் சிலர் நான்காவதாக ஒன்றையும் கூறக் கேட்கிறோம். காமிக்ஸ் என்று வழங்கும் படக்கதை நூல்களையும், சதுரங்கம், கேரம் முதலிய பலகை விளையாட்டுகளையும் விற்கும் சிறு கடை அது. இது பட்டணத்துக்கே உரிய வாணிபம் என்று முதலில் தோன்றக்கூடும். ஆனால், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாய் அமைந்து, மேல்நிலைப் பள்ளியும் வாரச் சந்தையும் உள்ள ஊரில், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் பாதையில், இக்கடை நடக்கக்கூடியதே. திறந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இறங்குவதுதான் ஆபத்து.

எமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், கறவை மாடுகள் இரண்டை விற்ற பணத்துடன் கடனும் சேர்த்து இத்தகைய கடையைத் திறந்தார். மொத்த வியாபாரி காட்டிய வண்ணப் பெட்டிகளில் மனம் பறிகொடுத்து, ஒவ்வொன்றும் ஆயிரம், இரண்டாயிரம் விலையுள்ள அயல்நாட்டு விளையாட்டுகளை வாங்கி அடுக்கினார். திறப்பு நாளன்று நல்ல கூட்டம். பிள்ளைகள் பெட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். எப்படி ஆடுவது என்று கேட்டார்கள். கடைக்காரருக்கே அது தெரியவில்லை. ஆறு திங்கள் கழித்து நாம் சென்றபோது அப்பெட்டிகள் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. ஆசிரியர் ஒருவர் பள்ளிக்காகப் பத்துச் சதுரங்கப் பலகைகள் கேட்டு வந்திருந்தார். அவற்றை வாங்கிக் கொடுக்கக் கடைக்காரர் கையில் பணமில்லை. ஊரில் விருப்பம் இல்லாமற் போகவில்லை. முதல் முழுவதும் விலைபோகாத சரக்கில் முடங்கியதே அவர் துன்பத்துக்குக் காரணம்.

ஆகவே, பெயர்ப் பலகை எழுதுமுன் கணக்கு எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, கடை வாடகை 3,000 ரூபாய், மின்சாரம் 500, சரக்கு ஏற்றி வரும் செலவு 1,000 எனத் திங்களுக்கு 4,500 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் விற்பனையில் 25 ரூபாய் நிற்குமானால், செலவை மட்டும் ஈடுகட்டவே 18,000 ரூபாய்க்கு, அதாவது நாளொன்றுக்கு 600 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். கடைக்காரர் தம் உழைப்புக்கு 9,000 ரூபாய் எடுக்க விரும்பினால், நாள் விற்பனை 1,800 ரூபாயாக உயர்ந்துவிடுகிறது. 100 ரூபாய்ப் புத்தகம் நாள்தோறும் பதினெட்டு விற்பது சிற்றூரில் எளிதன்று. தேர்வுக் காலமும் அடைமழைக் காலமும் வேறு குறுக்கிடும். எனவே முதல் ஆண்டில் தனிக்கடை வேண்டாம் என்பதே எமது கருத்து. நடந்துகொண்டிருக்கும் எழுதுபொருள் கடையிலோ நகலெடுக்கும் கடையிலோ ஓர் அலமாரியும் ஒரு மேசையும் போட இடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. நோட்டும் பேனாவும் வாடகையைக் கொடுக்கும்; புதிய சரக்கு மெல்லத் தன் வாடிக்கையைத் தேடிக்கொள்ளும்.

வாடிக்கையாளர் யார் என்பதில் பலரும் தவறுகின்றனர். படக்கதை என்றவுடன் சிறுவர்களையே நினைக்கிறோம். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டில் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. 1984-ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. ராணி 2005-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. முத்துவும் லயனும் சிவகாசியிலிருந்து தொடர்ந்து வெளிவருகின்றன. சந்தா கட்டி அஞ்சலில் பெறுவோரே அவற்றுக்குப் பெரும் பலம். அன்று அரைக்கால் சட்டையுடன் பெட்டிக் கடையில் வாங்கிப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் உள்ளனர். டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் தேடி முதலில் வருபவர்கள் இவர்களே. விலை பாராமல் வாங்குபவர்களும் இவர்களே. சிறுவர்களுக்கு வேண்டியது வேறு: மெலிந்த, விலை குறைந்த, பெரிய எழுத்துள்ள நூல்கள். இரண்டுக்கும் தனித்தனித் தட்டுகள் வேண்டும். பெரியோருக்கான கதைகள் சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பதிப்பகத்தாரிடம் கழிவு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், விற்காத பிரதிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டறிய வேண்டும். திருப்பி எடுப்பவர் தரும் குறைந்த கழிவு, எடுக்காதவர் தரும் அதிகக் கழிவைவிடப் பல வேளைகளில் மேலானது. பழைய இதழ்களை வாங்கி விற்பதிலும் வருவாய் உண்டு. ஆனால் கிடைத்தற்கரிய பழைய இதழை நகலெடுத்துத் தைத்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். நகலெடுக்கும் பொறி பக்கத்திலேயே இருக்கும்போது இந்த ஆசை எழுவது இயல்பு; அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

விளையாட்டுகளில் ஊரார் அறிந்தவற்றையே முதலில் வைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றதும், 2024-ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலக வாகையர் ஆனதும் சதுரங்கத்தை ஊரறியச் செய்தவை. கேரமில் பலகை எப்போதாவது ஒருமுறைதான் விற்கும்; காய்களும், அடிப்பானும், பலகைக்குத் தூவும் மாவும் அடிக்கடி விற்கும். பல்லாங்குழியும் தாயக்கட்டையும் நம்முடையவை என்பதால் தாமாகவே விற்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பரமபதப் படத்துக்கு வைகுண்ட ஏகாதசி, பொம்மைகளுக்கு நவராத்திரி, மற்றவற்றுக்குக் கோடை விடுமுறை எனப் பருவங்கள் உள்ளன. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்தைத் துணியில் அச்சிட்டால் விலையும் குறையும், மடித்து எடுத்துச் செல்லவும் இயலும். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதனைச் செய்து தர இயலுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடையின் உயிர் மேசையிலேதான் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பெட்டியைப் பிரித்து அங்கே வைத்து, கடைக்காரரே உடன் அமர்ந்து ஆடிக் காட்ட வேண்டும். தமக்கு ஆடத் தெரியாத எதையும் அவர் வாங்கி வைக்கலாகாது. இம்மேசையைப் பற்றி ஊரில் ஐயம் எழுவதும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இங்கே கூடுவார்களோ, காசு வைத்து ஆடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுவதை நாம் குறை கூற இயலாது. பள்ளி நேரத்தில் மேசையை மூடி வைப்பதும், தேநீர்க் காசுகூடப் பந்தயமாக வைக்க இடந்தராததும் கண்டிப்பான விதிகளாக இருக்க வேண்டும். சூதாட்ட இடம் நடத்துவது 1930-ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது என்பது ஒருபுறம் இருக்க, இத்தகைய கடைக்கு ஒருமுறை கெட்ட பெயர் வந்தால் அது நீங்குவதில்லை. திறக்குமுன் தலைமையாசிரியரையும் ஊராட்சித் தலைவரையும் கண்டு பேசிவிடுதல் பயன் தரும்.

சட்ட விவரங்களில் பெருஞ்சிக்கல் இல்லை. வணிக உரிமம் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல், சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். நூல்களுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை, பலகை விளையாட்டுகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு இவ்வரிக்கான பதிவு கட்டாயமன்று. ஆயினும் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. முத்திரையில்லாத மலிவுச் சரக்கு கடைக்குள் வரவே வேண்டாம்.

சரக்கைப் பேணுவதில் ஈரமும் பூச்சியுமே முதற் பகை. வழவழப்பான தாளில் அச்சான நூல்கள் ஐப்பசி மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலமாரி சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியும், தரையிலிருந்து ஓரடி உயர்ந்தும் இருப்பது நல்லது. வெயில் படும் பக்கம் அட்டைகளை வைத்தால் ஒரே கோடையில் நிறம் மங்கிவிடும். ஒவ்வொரு பொருளின் பின்புறத்திலும் வாங்கிய திங்களைப் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். மூன்று திங்கள் கடந்தும் நிற்பதை மறுமுறை வாங்காமல், விலை குறைத்தோ மேசையில் ஆடக் கொடுத்தோ தீர்க்க வேண்டும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட இளைஞர் தனிக்கடையை விட்டுத் தம் மாமாவின் எழுதுபொருள் கடையில் பாதி இடத்துக்கு மாறினார். தூசி படிந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, விதிகளைத் தமிழில் எழுதி, மாலைதோறும் பிள்ளைகளோடு ஆடினார். அவ்வகையில் இருந்தவை விற்றுத் தீர்ந்தன. பள்ளிக்குரிய பத்துப் பலகைகளையும் பின்னர் வாங்கிக் கொடுத்துவிட்டார். மேல்தட்டில் இன்னும் மூன்று பெட்டிகள் மீதமிருக்கின்றன. வருகின்ற கோடை விடுமுறைக்குள் அவற்றின் விதிகளையும் எழுதிவிட வேண்டுமென்று இருக்கிறார்.