சீலிங்கில் சிமிட்டும் சிவப்பு விளக்கு... கேமரா இல்லை, காவலாளி!

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் பக்கம் இருக்கும் பெரிய ரிசார்ட்டுகளில் ரூம் போட்டவர்கள் கவனித்திருப்பார்கள். சீலிங்கில் வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அவ்வப்போது சிவப்பாகக் கண் சிமிட்டும். 'ரகசிய கேமராவோ' என்று பயந்து அதன்மேல் துணியைக் கட்டுபவர்கள் உண்டு. உள்ளேயே சிகரெட் பிடிப்பதற்காக ஷவர் கேப்பை மாட்டி மூடுபவர்களும் உண்டு. இரண்டுமே விபரீதம். அது ஸ்மோக் டிடெக்டர். ஆழ்ந்து தூங்குபவரைப் புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. அந்த வேலையை இந்த டப்பாதான் செய்கிறது.

மூக்கு இல்லாத இந்தக் கருவி புகையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒளியை வைத்து!

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தை இரவில் பாருங்கள். காற்று சுத்தமாக இருந்தால் விளக்கு மட்டுமே பளிச்சிடும். கடல் மூட்டமோ தூசியோ சேர்ந்துவிட்டால், இருட்டின் குறுக்கே கம்பு நீட்டினாற்போல ஒளிக்கற்றையே தெரியும். காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. டப்பாவுக்குள் நடப்பதும் இதுதான். உள்ளே கறுப்புச் சுவர் கொண்ட ஒரு குட்டி அறை. ஒரு பக்கம் எல்.இ.டி விளக்கு, இன்னொரு பக்கம் ஒளியை உணரும் சென்சார். இரண்டும் நேருக்கு நேர் பார்க்காதபடி கோணலாக வைத்திருப்பார்கள். சாதாரண நேரத்தில் விளக்கின் ஒளி சென்சாருக்குப் போகாது. புகை நுழைந்தால், துகள்களில் பட்டுச் சிதறும் ஒளி சென்சாரைத் தொடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அலாரம்!

ஆவியா, தூசியா, புகையா?

சிதறடிப்பது புகை மட்டும்தானா என்றால், இல்லை. பாத்ரூம் கதவைத் திறந்ததும் வரும் வெந்நீர் ஆவியும் அதைத்தான் செய்யும். ஐந்து ரதம் போகும் வழியில் இருக்கும் சிற்பக் கூடங்களில் கருங்கல்லை மெஷினால் அறுக்கும்போது பறக்கும் தூசியும் அதைத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கேட்கவே வேண்டாம்.

பொய் அலாரம் வெறும் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், நாலு முறை காரணமில்லாமல் அலறினால் ஐந்தாவது முறை பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி, அங்கு வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர் அலாரமே இல்லாத அல்லது அது வேலை செய்யாத வீடுகளில்தான் இறக்கிறார்கள். அதனால் அங்கே ஒரு பாதுகாப்புத் தர விதியில் ஹாம்பர்கரை வாட்டிப் பார்க்கும் சோதனையையே சேர்த்துவிட்டார்கள். சமையல் புகைக்கு அவசரப்பட்டுக் கத்தக் கூடாது. மெத்தை நுரை எரிந்தால் கத்தியாக வேண்டும். நம் ஊருக்கு மிளகாய் தாளிக்கும் சோதனை வைத்தால் எத்தனை கருவிகள் தேறும் என்பது வேறு கதை.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, இரண்டு நிற ஒளி. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊதுவத்தி நுனியிலிருந்து எழும் புகை, கறுப்புத் துணிக்கு முன்னால் லேசான நீலமாகத் தெரியும். இட்லிப் பானையைத் திறந்ததும் வரும் ஆவி வெள்ளையாகத்தான் இருக்கும். ஊதுவத்திப் புகைத் துகள் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறியது நீல ஒளியை அதிகமாகவும், சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கும். ஆவியின் நீர்த்துளிகளும் கல்தூசியும் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கும். நீலம், அகச்சிவப்பு இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பி, எது எவ்வளவு திரும்புகிறது என்று ஒப்பிட்டால் உள்ளே வந்த ஆள் யாரென்று ஓரளவு பிடிபடும்.

கல்பாக்கத்தின் வெண்புகை

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கி.மீ. போனால் கல்பாக்கம். இங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு, புகை என்பது தனி ஆராய்ச்சித் துறை. 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையிலும், 2024 மார்ச்சில் உலை மையத்தை நிரப்பும் பணி (கோர் லோடிங்) தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையிலும் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகும் இந்த உலோகம், உலைக்குள் 500 டிகிரிக்கும் மேலான சூட்டில் ஓடுகிறது. கசிந்து காற்றைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். பெரிய சுடர் எழாது; அடர்த்தியான வெண்புகைதான் கிளம்பும்.

ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பர் 8 அன்று இதுதான் நடந்தது. குழாயில் செருகியிருந்த வெப்பமானியின் உறை உடைந்து சோடியம் கசிந்தது. புகை அலாரம் உடனே அடித்தது. ஆனால், சிறிய கசிவுதான் என்று நினைத்து உலையை நிதானமாக நிறுத்தத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புகை அதிகமான பிறகே அவசரமாக நிறுத்தினார்கள். கொட்டியது சுமார் 640 கிலோ சோடியம். உலை மறுபடி இயங்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'புகை இருக்கிறது' என்று கருவி சொன்னது. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

கல்பாக்கத்தில் மூடிய அறைக்குள் வேண்டுமென்றே சோடியத்தை எரித்து, அந்தப் புகையை அளக்கிறார்கள். துகள்களின் வழியே லேசரைச் செலுத்தினால், சின்னத் துகள் ஒளியை அகலமாக விரிக்கும். பெரிய துகள் குறுகலாக விரிக்கும். விரியும் கோணத்திலிருந்து துகளின் அளவைக் கணக்கிடலாம். துகள்கள் ஒட்டிப் பெரிதானால் சீக்கிரம் தரையில் படியும். சின்னதாகவே இருந்தால் நெடுநேரம் மிதக்கும்.

அந்தத் துகள் என்ன பொருள் என்பதைச் சொல்ல, திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவு இருக்கிறது. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வெளிவரும்; அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். சோடியம் புகையில் இது முக்கியம். ஈரக் காற்றில் அது முதலில் காஸ்டிக் சோடாவாக மாறும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து, அவ்வளவு மோசமில்லாத கார்பனேட் ஆகிவிடும். ஈரப்பதத்தைப் பொறுத்து இந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதையும் கல்பாக்கத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.