89 ஆண்டுகள், நான்கே எம்.பி.க்கள்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள பாரா தீவில் விமானம் கடற்கரை மணலில்தான் இறங்கும். அதற்குக் கடல் வற்றும் நேரம் பார்க்க வேண்டும். பாராவும் லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட் தீவுகளும் சேர்ந்ததுதான் மேற்குத் தீவுகள் நாடாளுமன்றத் தொகுதி. 2005 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் கேலிக் மொழியிலேயே இருக்கிறது.

வாக்காளர்கள் சுமார் 21,000 பேர். பிரிட்டனில் இதைவிடச் சிறிய தொகுதி கிடையாது. மற்ற தொகுதிகளில் பெரும்பாலும் 70,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். ஆனாலும் இதை வேறு தொகுதியோடு இணைக்கக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பு அளித்தது. நியாயமான காப்புதான். கடல் நடுவே வாழ்பவர்களின் குரல் கரையில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் மூழ்கிவிடக் கூடாது.

இந்த ஊர்க்காரர்கள் எம்.பி.யை எளிதில் மாற்றுவதில்லை. 1935-இல் 22 வயதுப் பத்திரிகையாளர் மால்கம் மக்மில்லனை லேபர் கட்சி சார்பில் தேர்ந்தெடுத்தார்கள். 35 ஆண்டுகள் அவரே நீடித்தார். 1970-இல் அவரை வீழ்த்தியவர் ஸ்டோர்னோவே நகரத் தலைவராக இருந்த டொனால்ட் ஸ்டூவர்ட். வித்தியாசம் 726 வாக்குகள்தான். ஆனால் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி பொதுத்தேர்தலில் வென்ற முதல் இடம் அது. அதற்கு முன் அந்தக் கட்சி வென்றதெல்லாம் இடைத்தேர்தல்களில்.

1987-இல் ஸ்டூவர்ட் ஒதுங்கியதும் லேபர் கட்சியின் கேலம் மக்டொனால்ட் வந்தார். 2005-இல் பாராக்காரரான ஆங்கஸ் மக்நீல் தொகுதியை மறுபடி தேசியக் கட்சிக்குக் கொண்டுவந்தார். கட்சிகளுக்கு நிதி தந்தவர்களுக்குப் பட்டம் விற்கப்படுகிறதா என்று 2006-இல் அவர் கொடுத்த புகாரில், பிரதமர் டோனி பிளேரையே போலீஸ் விசாரித்தது. வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்றாலும், கடைக்கோடித் தீவின் எம்.பி. லண்டனையே உலுக்கினார்.

அந்தச் செல்வாக்கும் நிலைக்கவில்லை. தீவுகளுக்கு உயிர்நாடி கப்பல் போக்குவரத்து. மருந்து, மளிகை, மாட்டுத்தீவனம் என எல்லாம் அதில்தான் வரவேண்டும். 2023 ஜூனில் தென் யூயிஸ்டின் லாக்பாய்ஸ்டேல் துறைமுகத்துக்கு ஏறக்குறைய மாதம் முழுவதும் கப்பல் வரவில்லை. மக்கள் திரண்டு போராடினார்கள். கப்பல் சேவைக்குப் பொறுப்பு எடின்பரோவிலிருந்து ஸ்காட்லாந்தை ஆண்ட தேசியக் கட்சி அரசு. அதே ஆண்டு கொறடாவுடன் மோதிய மக்நீலைக் கட்சி வெளியேற்றியது.

2024-இல் லூயிஸ்காரரான பத்திரிகையாளர் டார்குவில் கிரைட்டன் 3,836 வாக்கு வித்தியாசத்தில் தொகுதியை லேபருக்கு மீட்டுத் தந்தார். சுயேச்சையாக நின்ற மக்நீல், 19 ஆண்டு எம்.பி.யாக இருந்தவர், ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளே பெற்றார்.