கமராவுக்குத் தேர், எங்களுக்குக் காவடி
பிள்ளைகளோடு வெளியே போகும் குடும்பத்துக்கு எந்தக் கமராப் பை சரி?

போன வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பே-டு-ஃபேவ்ர் கிராமத்துக்குப் போனோம். மொன்றியலில் இருந்து காரில் கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம். சென்ற் லோறன்ஸ் ஆறு அகன்று ஏரியாகும் லாக் சென்-பியேர் கரையில் அந்த ஊர் இருக்கிறது. ஒவ்வொரு இளவேனிலிலும், ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிக்கப் போகும் பனி வாத்துகள் அங்கே வெள்ளம் நிற்கும் வயல்களில் ஆயிரக்கணக்கில் இறங்கி இளைப்பாறும். ஒரு பருந்து மேலால் போனால் போதும், முழுக்கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும்.

"அம்மா, எல்லாம் ஒண்டா எழும்புது!" என்று என் ஆறு வயது மகள் கத்தினாள். அந்த நேரம் கமரா என் முதுகில், பைக்குள் இருந்தது. பையைக் கழற்ற வேண்டும், கீழே வைக்க வேண்டும், சிப்பைத் திறக்க வேண்டும். கீழே பனி உருகிய சேறு. எல்லாம் முடித்து நான் நிமிர்ந்தபோது வானம் வெறுமையாகக் கிடந்தது. வாத்துகள் போனதுகூடப் பரவாயில்லை, அவை திரும்ப வரும். அந்த நேரத்தில் மகளின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் நிற்கிறார். தோளில் மூன்று வயது மகன், ஒரு கையில் ஜக்கெற்றுகள், மற்றக் கையில் சாப்பாட்டுப் பை. "உம்மட கமராவுக்குத் தேர், எங்களுக்குக் காவடி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னது உண்மை. என் 30 லீற்றர் பையில் கமராச் சாமான் தவிர ஒரு பிஸ்கற் பக்கற்றுக்குக்கூட இடம் இல்லை.

கமரா வாங்கும் முன் நான் மூன்று மாதம் ஆராய்ந்தேன். பையை ஒரு இரவில், விமர்சனத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கினேன். அதன் விளைவு, கொஞ்சம் கொஞ்சமாகக் கமரா வீட்டிலேயே நிற்கத் தொடங்கியது. "இண்டைக்கு வேண்டாம், பாரம்" என்று சொல்லிச் சொல்லி ஒரு முழுக் கோடைகாலம் போனது.

எங்கள் வீட்டில் படம் சும்மா பொழுதுபோக்கு இல்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, அம்மம்மாவும் கையில் பிடித்த ஒரு பையோடு வெளிக்கிட்டவர். அல்பங்கள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. அம்மா சின்னப் பிள்ளையாக எப்படி இருந்தா என்று காட்ட இன்றைக்கு ஒரு படமும் இல்லை. எந்தப் பைக்குள் எது போகும் என்பது எங்கள் வீட்டில் சின்னக் கேள்வி இல்லை. அதனால் இந்த முறை ஒழுங்காக யோசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குசினித் தராசு

பையைத் தேட முதல், உங்கள் சாமான்களை மா நிறுக்கும் தராசில் வையுங்கள். என் கமரா பற்றரியோடு 658 கிராம். 28-200 சூம் லென்ஸ் 575 கிராம். பறவைகளுக்கு வாங்கிய 200-600 லென்ஸ் மட்டும் 2.1 கிலோ. மூன்றும் சேர்த்து 3.3 கிலோ. நல்ல திணிப்பும் இடுப்புப் பட்டியும் உள்ள கமராப் பை வெறுமையாகவே இரண்டு கிலோ வரை வரும். தண்ணீர் ஒரு லீற்றர். கூட்டினால் 6.3 கிலோ, பிள்ளைகளின் சாமான் இன்னும் தொடங்கவே இல்லை.

ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது என்பது மலை நடைக்காரர்களின் பழைய கணக்கு. என் எடை 58 கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெரிய லென்ஸ் இனிப் பறவை பார்க்கப் போகும் நாளுக்கு மட்டும். மற்ற நாட்களில் ஒரு கமரா, ஒரு சூம். இந்த ஒரு முடிவு, பை பற்றிய பாதிக் கேள்விகளைத் தீர்த்துவிடும்.

பாதி கமராவுக்கு, பாதி வீட்டுக்கு

கமராப் பைகளில் இரண்டு வகை. ஒன்று, மேலிருந்து கீழ்வரை திணிப்பு அறைகள். மற்றது, உள்ளே கழற்றக்கூடிய ஒரு திணிப்புப் பெட்டி. மிச்ச இடம் சாதாரணப் பைதான். எஃப்-ஸ்டொப், ஷிமோடா போன்றவை இந்த இரண்டாவது வகையில் பெயர் பெற்றவை. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. பாதியில் கமரா, மற்றப் பாதியில் மாற்றுடுப்பு, பம்பர்ஸ், சாண்ட்விச். அளவு 20 முதல் 25 லீற்றர் போதும். பை பெரிதானால் சாமானும் பெரிதாகும், அது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. திணிப்புப் பெட்டி தனியாகவும் விற்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே வசதியான மலை நடைப் பை இருந்தால், அந்தப் பெட்டியை அதற்குள் வையுங்கள். வாங்க முதல் பெட்டியின் வெளி அளவையும் பையின் உள் அளவையும் நாடா வைத்துப் பாருங்கள். நீள லென்ஸ் இருந்தால் அதையும் அளவுங்கள். என் 200-600 மட்டும் 32 சென்ரிமீற்றர் நீளம், சின்னப் பெட்டிகளில் போகாது.

எந்தப் பக்கம் திறக்கும்?

பே-டு-ஃபேவ்ரில் என்னைத் தோற்கடித்தது இந்தக் கேள்விதான். முன்பக்கம் திறக்கும் பையை மல்லாத்தி வைக்க வேண்டும், அப்போது உங்கள் முதுகில் படும் பக்கம் சேற்றில் கிடக்கும். பிறகு அதை அப்படியே தோளில் போடுவீர்கள். முதுகுப் பக்கம் திறக்கும் பையை வைத்தால், முதுகில் படும் பக்கம் மேலே இருக்கும், காய்ந்தபடியே இருக்கும். மெற்றோ நெரிசலில் பின்னால் நிற்பவர் திறக்கவும் முடியாது. மலைக்கும் காட்டுக்கும் இதுவே நல்லது.

பக்கவாட்டில் திறக்கும் பையை ஒரு தோளில் இருந்து இறக்கி முன்னால் சுழற்றிக் கமராவை எடுக்கலாம், கீழே வைக்கத் தேவையில்லை. நகரத்தில் நடக்க இது வசதி. ஆனால் சிப்பை மூட மறந்தால் லென்ஸ் உருண்டு விழும். பிள்ளை "பாத்ரூம்" என்று சொல்லும் அவசரத்தில் நாங்கள் எதைத்தான் மறக்க மாட்டோம்?

பைக்கு வெளியே ஒரு தீர்வும் உண்டு. தோள் பட்டியில் பூட்டும் உலோகக் கிளிப். பீக் டிசைன் நிறுவனம் 2011இல் கிக்ஸ்ராட்டரில் பணம் திரட்டித் தொடங்கியதே இப்படியான ஒரு கிளிப்போடுதான். கமரா நெஞ்சுப் பக்கம் தொங்கும், பொத்தானை அமத்தினால் கைக்கு வரும். சின்ன லென்ஸுக்கு மட்டும் இது சரி. குனிந்து பிள்ளையைத் தூக்கும்போது கமரா அவன் தலையில் இடிக்காமல் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருக்கா இடித்தது.

பாரம் இடுப்பில் இறங்க வேண்டும்

லோப்ரோவைத் தொடங்கிய கிரெக் லோ ஒரு மலையேறி. கமராப் பையும் மலையேறும் பையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். மலையேறிகள் பையில் முதலில் பார்ப்பது இடுப்புப் பட்டியை. பாரத்தில் பெரும் பங்கு தோளில் இல்லாமல் இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும். ஒரு அங்குல நாடாவைப் பட்டி என்று தைத்திருந்தால் அது பையை ஆடாமல் பிடிக்கும், பாரத்தைத் தாங்காது. திணிப்போடு அகலமாக இருக்க வேண்டும்.

அடுத்தது முதுகு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு வரைக்கும் யாராவது நாடா பிடித்து அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். உயரத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். என் பழைய பையின் இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே போய்த் தொங்கியது, பாரம் முழுக்கத் தோளில். ஷிமோடா பெண்களுக்கென்று தனித் தோள் பட்டிகள் விற்கிறது. வேறு சில பைகளில் பட்டியை மேலே கீழே நகர்த்தலாம். அளவை மாற்ற முடியாத பை என்றால், போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மழையும் எங்கள் குளிரும்

"தண்ணீர் தாங்கும்" சிப் என்றால் தண்ணீர் புகாது என்று அர்த்தம் இல்லை. சிணுங்கல் மழையைத் தாங்கும், ஒரு மணித்தியாலப் பெருமழையைத் தாங்காது. மழை உறை பையோடு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தனியாக வாங்குங்கள்.

மொன்றியல் குளிருக்கு இன்னொரு பாடம். மைனஸ் இருபதில் மோன் றோயாலில் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து உடனே கமராவை வெளியே எடுத்தால், சூடான காற்றின் ஈரம் அதில் வியர்த்துப் படியும். கமராவைப் பைக்குள் வைத்துச் சிப்பை மூடியபடியே இரண்டு மணித்தியாலம் விடுங்கள். படங்களை உடனே பார்க்க ஆசை என்றால், வெளியில் நிற்கும்போதே மெமரி காட்டை எடுத்துப் பொக்கற்றில் வையுங்கள். உபரிப் பற்றரியைப் பையில் வைக்காமல் ஜக்கெற்றின் உள் பொக்கற்றில் வையுங்கள். குளிரில் லித்தியம் பற்றரி வேகமாக இறங்கும், உடம்புச் சூடு அதைக் காப்பாற்றும்.

ஊருக்குப் போகும்போது

எயர் கனடாவில் கைப்பை அளவு 55 x 40 x 23 சென்ரிமீற்றர். இருக்கைக்குக் கீழே வைக்கும் சின்னப் பைக்கு 43 x 33 x 16. பல 20 லீற்றர் கமராப் பைகள் இந்த 16 என்ற தடிப்பில்தான் தோற்கும். நிரப்பிய பிறகு அளவுங்கள். மலிவான கட்டணங்களில் கைப்பையே சேராத பயணங்களும் இப்போது உண்டு, ரிக்கற்றை வாசியுங்கள். ஆசிய விமான நிறுவனங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோ எல்லை. குசினித் தராசு இங்கேயும் உதவும். உபரிப் பற்றரிகளைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகளை மூடி.

பலருக்குத் தெரியாத ஒன்று: போக முதல் கனடா எல்லைச் சேவை அலுவலகத்தில் கமராவையும் லென்ஸையும் காட்டினால், தொடர் இலக்கங்களைப் பதிந்து பிஎஸ்எஃப்407 என்ற சின்ன அட்டை தருவார்கள். காசு இல்லை. திரும்பி வரும்போது "இது அங்க வாங்கினதா?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் படகேறினால் உப்புத் தண்ணீர் தெறிக்கும், மழை உறையை அங்கே போடுங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்கக்கூடாது. கமரா வெளியே தெரியாமல் பைக்குள் வைத்துச் சிப்பை மூடிவிட்டால் பிரச்சினை இல்லை. சாதாரணப் பள்ளிக்கூடப் பை மாதிரித் தெரியும் பையே அங்கெல்லாம் நிம்மதி.

கடையில் என்ன செய்வது?

உங்கள் கமராவையும் லென்ஸையும் கொண்டு போங்கள். பையில் வைத்து இறுக்கி இருபது நிமிஷம் கடைக்குள் நடவுங்கள். குந்தி எழும்புங்கள். பிள்ளையைக் கூட்டிப் போயிருந்தால் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கியூபெக்கில், கடைக்குப் போய் வாங்கிய பொருளை மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்கச் சட்டக் கட்டாயம் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். காசு கொடுக்க முதல் அதைக் கேளுங்கள்.

நான் கடைசியில் எடுத்தது ஒரு 24 லீற்றர் மலை நடைப் பை, உள்ளே ஒரு சின்னத் திணிப்புப் பெட்டி, தோள் பட்டியில் ஒரு கிளிப். ஒரு புதுக் கமராப் பையின் விலையைவிடக் குறையத்தான் முடிந்தது. பழைய பை நிலக்கீழ் அறையில் குளிர்காலச் சப்பாத்துகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஏப்ரலிலும் பே-டு-ஃபேவ்ருக்குப் போனோம். பெரிய லென்ஸை வீட்டிலேயே விட்டேன். வாத்துகள் எழும்பியபோது கமரா நெஞ்சில் இருந்தது. நாலு படம் எடுத்துவிட்டு அதை இவரிடம் கொடுத்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். வாய் திறந்தபடி, கண் வெட்டாமல் நின்றாள்.

வழக்கமாக நான் படங்களை அனுப்பினால் அம்மா போன் எடுத்து ஒரே கேள்விதான் கேட்பா: "எல்லாத்திலயும் பிள்ளையள் நிக்கினம், நீ எங்க?" இந்த முறை இவர் எடுத்த படத்தில் நானும் நிற்கிறேன். கொஞ்சம் சரிந்த படம்தான், வாத்துகள் பாதி வெளியே. அம்மா அதை அச்சடித்துத் தரச் சொன்னா. அல்பத்துக்கு.