சத்துக் குளிசைக்கும் அளவு உண்டு

"இது என்ன மருந்தா? சத்துக் குளிசைதானே! ரெண்டு கூடப் போட்டா உடம்புக்குத் தெம்புதானே?" லயத்தில் இப்படிச் சொல்லுபவர்கள் உண்டு. இது சரியா?

சரியில்லை. சத்துக் குளிசையும் மருந்துதான். பி, சி வகை விற்றமின்கள் தண்ணீரில் கரைபவை. மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். அதற்காக அள்ளிப் போடக் கூடாது. விற்றமின் சி கூடினால் வயிற்றோட்டம் வரும். ஏ, டி வகைகள் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது வெளியே போகாமல் உடம்பிலேயே சேரும்.

விற்றமின் ஏ கூடினால் தலைவலி, வாந்தி, முடி உதிர்தல் வரும், ஈரலும் கெடும். கர்ப்பிணித் தாய் அளவுக்கு மீறி எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். விற்றமின் டி கூடினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கும். கீரை, கரட், பப்பாசி சாப்பிடுவதால் இந்த ஆபத்து இல்லை. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

விற்றமின் குளிசையோடு வீட்டில் இருக்கும் இரும்புச்சத்துக் குளிசையில் இன்னும் கவனம் வேண்டும். கிளினிக்கில் தருவதைக் கர்ப்பிணித் தாய்மார் தவறாமல் குடிக்க வேண்டும். இரத்தச்சோகைக்கு அதுதான் மருந்து. ஆனால் சிறுபிள்ளைக்கு அது நஞ்சாகலாம். சாதாரணமாக ஒரு குளிசையில் சுமார் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 10 கிலோ எடையுள்ள பிள்ளை நாலு குளிசை விழுங்கினாலே வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். பத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி நின்று பிள்ளை தேறினமாதிரி தெரிந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகலாம்.

ஆகவே தாய்மாரே, தந்தைமாரே:

1. மருத்துவமாது சொன்ன அளவை மட்டும் குடியுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

2. பாமசியில் வேறு சத்துக் குளிசை வாங்கினால் முதலில் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். கிளினிக் குளிசையில் உள்ள அதே சத்து அதிலும் இருக்கலாம்.

3. குளிசையை "இனிப்பு" என்று சொல்லிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். காம்பராவில் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

4. பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சக் குளிசையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது சத்துக் குளிசைக்கும் பொருந்தும். இன்றைக்கே உங்கள் வீட்டுக் குளிசைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.