குருதி காட்டும் குறி

தொண்டைப் புற்றுநோய்கள் அனைத்திற்கும் காரணம் ஒன்றன்று. மூக்கின் பின்னே, தொண்டையின் மேற்பகுதியில் தோன்றும் ஒருவகை, எப்சுடைன்-பார் என்னும் வைரசோடு தொடர்புடையது. அப்புற்றின் கலங்கள் மடியுங்கால், வைரசின் மரபணுத் துணுக்குகள் குருதியிற் கலக்கின்றன. ஹொங்கொங்கில் நோய்க்குறி ஏதுமற்ற 20,174 ஆடவரின் குருதியில் அறிஞர் அவற்றைத் தேடினர். ஐயத்திற்குரியோரை அகநோக்குக் கருவியாலும் ஆராய்ந்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, 34 பேரிடம் நோய் வெளிப்பட்டது. அவருள் பத்தில் எழுவர் தொடக்க நிலையினர்.

எனினும், நற்பிட்டிமுனையில் நாம் பெரிதும் அஞ்சவேண்டியது, வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் விளைக்கும் வாய்ப்புற்றையே. அதற்கு அவ்வைரசு காரணமன்று. ஆதலின் அச்சோதனை அதனைக் காட்டாது. மூன்று கிழமை கழிந்தும் ஆறாத வாய்ப்புண்ணையும் வெண்படலத்தையும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுவோமாக. மாணவர்காள், இதனை இல்லத்து முதியோர்க்கும் எடுத்துரையுங்கள்.