ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும்? கணக்கு இதுதான்

சென்னை,
மழை வலுத்தால் ஓடைக்கரை மக்களுக்கு தூக்கம் போய்விடும். ஓடை தாங்குமா என்பதை கணக்கு போட்டு பார்க்கலாம்.

ஓடைக்கு தண்ணீர் வரும் பகுதி 1 சதுர கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 10 செ.மீ. மழை கொட்டினால் சுமார் 35 லட்சம் கன அடி தண்ணீர் சேரும். மண் தரை என்றால் கொஞ்சம் உறிஞ்சும். சிமெண்டு, தார் ரோடு என்றால் கிட்டத்தட்ட அத்தனையும் ஓடைக்குத்தான். ஒரு மணி நேரத்தில் வந்தால் வினாடிக்கு சுமார் 980 கன அடி.

20 அடி அகலம், 5 அடி ஆழ ஓடையில் வினாடிக்கு 4 அடி வேகத்தில் ஓடினால் 400 கன அடிதான் போகும். ஆக்கிரமிப்பால் அகலம் பாதியானால் 200 தான். மீதி வீட்டுக்குள் புகும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது. வழியில் மற்ற ஏரி, ஓடை தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. ஏரி மதகை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து ஓடையையும் பார்க்க வேண்டும்.