உங்களுக்குத் தெரியுமா? கயிற்றின் மறுமுனை

மரத்துக்கு மரம் கட்டிய கம்பியில், தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் பெல்ட்டுமாக அலுவலகக் குழுக்கள் தள்ளாடி நடக்கும் பயிற்சிக்கு ஒரு வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது.

ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்து 1933-ல் சிறைப்பட்ட ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹான். பிரிட்டனில் தஞ்சம் புகுந்த அவர், கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து 1941-ல் வேல்ஸ் கடற்கரையில், அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிப் படகேறிய பிறகும் இளம் மாலுமிகள் மனம் தளர்ந்துவிடுகிறார்களே என்பது ஹோல்ட்டின் கவலை; அந்த மனத்தைத் திடமாக்கவே இந்தப் பள்ளி.

இன்றைய கம்பி நடைப் பயிற்சியில் எல்லோரும் உயரத்தில் நிற்பவரையே அண்ணாந்து பார்க்கிறோம். கீழே நிற்பவரையும் பாருங்கள். மேலே இருப்பவரின் இடுப்பிலிருந்து கிளம்பும் கயிறு, உச்சியில் வளைந்திறங்கி இவர் கைக்கு வருகிறது. தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். பிரேக் பிடிக்கும் கை ஒரு நொடியும் கயிற்றை விடாது. முதல் அடி வைக்கும் முன் மேலிருந்து குரல் வரும்:

“பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேன், வாங்க.”